டிராகன், வாம்பயர், கொஞ்சம் வயித்தெரிச்சல்: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விங்க முக்காவாசி காதல் கதையும் மாயாஜாலக் கதையும் தான். ஸ்பாய்லர் தாராளமா இருக்கு, கதை முன்னாடியே தெரிஞ்சா கோவம் வர்றவங்க நேரா சமையல் பக்கத்துக்கு போயிடுங்க, சண்டைக்கு வராதீங்க.

அக்கா, எனக்கு 46 வயசு. காலேஜ் படிக்கிற பொண்ணு லீவுக்கு வந்தப்ப கொண்டு வந்த 'ஃபோர்த் விங்' நாவலை சும்மா புரட்டினேன், அப்புறம் கீழ வைக்க முடியல. 'இந்த குப்பைக்கா தூங்காம உக்காந்திருக்க'ன்னு வீட்டுக்காரர் கேக்கறார். குப்பைன்னு எனக்கும் பாதி தோணுது, அப்புறம் ஏன் கீழ வைக்க முடியல? படுக்கையறை சீன் வேற வருது, பொண்ணும் இதை படிச்சிருக்கான்னு நினைச்சா மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.
- வாசகி, ஈரோடு

பொண்ணும் இப்ப அதையே தான் நினைச்சுட்டு இருக்கும், ஐயோ அம்மா அந்த சாப்டர் வரைக்கும் வந்துட்டாங்களான்னு. ரெண்டு பேரும் நாலு நாள் கண்ணைப் பாத்து பேச மாட்டீங்க, அப்புறம் அடுத்த பார்ட் எங்கன்னு நீங்களே கேப்பீங்க. அது பெரியவங்களுக்கு எழுதின புக், உங்க பொண்ணும் பெரியவ தான், விட்டுடுங்க.

கீழ வைக்க முடியாத விஷயத்துக்கு வருவோம், ஏன்னா அதுல நல்ல வேலைப்பாடு இருக்கு. ரெபெக்கா யாரோஸ் 2023ல எழுதின நாவல் இது. வயலட்ங்கற பொண்ணு லைப்ரரில உக்காந்து ஏடு பாத்துக்கற வேலைக்குன்னே வளர்ந்தவ, ஆனா அவ அம்மா ராணுவ ஜெனரல், நீ டிராகன் ஓட்டற பிரிவுக்கு தான் போகணும்னு தள்ளி விட்டுடறாங்க. காலேஜுக்குள்ள நுழையறதுக்கே கைப்பிடி இல்லாத ஒடுங்கின கல்லு பாலத்தை தாண்டணும், வழுக்கினா சாவு. ஆக அட்மிஷன் அன்னிக்கே ஆள் சாக ஆரம்பிச்சுடுது, அதுக்கப்புறம் யாரு எப்ப போவாங்கன்னு தெரியாததால நீங்க பக்கத்தை திருப்பிட்டே தான் இருக்கணும். வயலட்டுக்கு மூட்டு லேசா திருகினாலே கழண்டுக்கற உடம்பு. யாரோஸுக்கே எலர்ஸ் டான்லோஸ்னு இணைப்புத் திசு சம்பந்தப்பட்ட ஒரு கோளாறு இருக்கு, அதை அவங்களே வெளிப்படையா சொல்லியிருக்காங்க, அதனால வயலட் தோள்பட்டை விலகி கட்டு போட்டுட்டு மறுபடி சண்டைப் பயிற்சி பாய்ல இறங்கற இடங்கள்ல எனக்கு பொய்யே தெரியல. அந்த புக்குல எனக்கு மனசுல நின்னது அது தான், ஹீரோவோட வயித்துல இருக்கற கட்டு கட்டான தசை இல்ல (அதை எத்தனை தடவை தான் சொல்லுவாங்க தாயே).

அப்புறம் காதல். ஹீரோ ஸேடனோட அப்பா கலகம் பண்ணி மரண தண்டனை வாங்கினவர், அதுல வயலட்டோட அம்மாவுக்கு பங்கு இருக்கு, அதனால அவன் இவளை கொல்லுவான்னு ஊரே சொல்லுது. இந்த ரெண்டு பேரையும் எப்படி பிரியாம வெச்சுக்கறதுங்கறது தான் எழுத்தாளருக்கு பிரச்சனை, அதுக்கு பண்ணியிருக்கற ஏற்பாட்டை பாருங்க, அவளோட டிராகனும் அவனோட டிராகனும் ஏற்கனவே புருஷன் பொண்டாட்டி. அதுங்களால ரொம்ப நாள் தள்ளி இருக்க முடியாது, ஒண்ணு செத்தா இன்னொண்ணும் போயிடலாம், அதோட சேர்ந்து மேல உக்காந்திருக்கறவங்களும். நம்ம சீரியல்ல கட்டாய கல்யாணம் பண்ணி ஒரே ரூம்ல போடற அதே வேலையை தான் டிராகன் வெச்சு செஞ்சிருக்காங்க, ஆனா லாஜிக்கோட. இது பழைய வித்தைன்னு உங்க மூளைக்கு தெரியுது, அதனால குப்பைன்னு பாதி தோணுது. வித்தை நல்லா வேலை செய்யுது, அதனால கை கீழ வைக்க மாட்டேங்குது. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கலாம், அதுல குழப்பம் ஒண்ணும் இல்ல.

குறைன்னு பாத்தா, டிராகனும் ராஜாவும் இருக்கற தேசத்துல எல்லாரும் அமெரிக்க காலேஜ் ஹாஸ்டல் பசங்க மாதிரியே பேசறது எனக்கு ஒட்டவே இல்ல. அந்த புக்குல ஒழுங்கா பேசற ஒரே ஆள் டெய்ர்னு அந்த கருப்பு டிராகன் தான், கடுகடுன்னு, பிரியத்தை வெளிய காட்டிக்கத் தெரியாத பெரியப்பா மாதிரி. ஒரு மாசம் கழிச்சு யோசிச்சுப் பாருங்க, ஸேடன் ஞாபகம் இருக்கானா டெய்ர்ன் ஞாபகம் இருக்கான்னு. எனக்கு டெய்ர்ன் தான்.

16 வயசுல 'ட்வைலைட்' படிச்சுட்டு எட்வர்ட் மாதிரி ஒருத்தன் கிடைக்கணும்னு கோயில்ல வேண்டிக்கிட்டவ நான். இப்ப 33, ஒரு பையன் இருக்கான். போன மாசம் திரும்ப படிச்சேன், அவனைப் பாத்தா பயமா இருக்கு அக்கா. அப்ப நான் முட்டாளா இருந்தேனா?
- வாசகி, திருநெல்வேலி

சாமி வேண்டுதலை நிறைவேத்தலங்கறதுக்கு முதல்ல ஒரு தேங்கா உடைச்சுடுங்க.

பயப்படறதுக்கு நியாயம் இருக்கு. 1918ல ஸ்பானிஷ் ஃப்ளூல சாகக் கிடந்த 17 வயசு பையனை வாம்பயரா மாத்தினாங்க, அவன் அதே 17லயே நின்னுட்டான், கதை நடக்கற காலத்துல உள்ளுக்குள்ள நூறு வயசு கிழவன். அந்த ஆள் ஹீரோயின் பெல்லாவுக்கு தெரியாம ராத்திரி அவ ரூமுக்குள்ள வந்து அவ தூங்கறதை பாத்துட்டு நிக்கறான். மூணாவது புக்குல அவ ஃப்ரெண்டை பாக்க போகக்கூடாதுன்னு அவளோட வண்டி இன்ஜின்லேர்ந்து ஒரு பார்ட்டையே கழட்டி வெச்சுக்கறான். இதை உங்க பக்கத்து வீட்டுப் பையன் பண்ணினா நீங்க போலீஸுக்கு தான் போவீங்க.

ஆனா 16 வயசுல நீங்க படிச்சது இந்த லிஸ்ட்டை இல்லையே. பெரிய அழகின்னு தன்னை நினைச்சுக்காத ஒரு பொண்ணை ஒருத்தன் வெச்ச கண் வாங்காம பாக்கறான், அவ சொல்ற ஒவ்வொரு வார்த்தையையும் கேக்கறான், அதை தான் படிச்சீங்க. அந்த வயசுல வீட்டுலயும் ஸ்கூல்லயும் மார்க் எவ்வளவுன்னு தவிர யாரு நம்மகிட்ட என்ன கேட்டாங்க, சொல்லுங்க? ஸ்டெஃபனி மேயர் 2005ல அந்தப் பசியை சரியா தொட்டாங்க, அதனால தான் உலகம் பூரா அத்தனை பொண்ணுங்களுக்கு அது வேலை செஞ்சுது. முட்டாள்தனம் எல்லாம் இல்ல. அதுவும் நீங்க வேண்டிக்கிட்டீங்களே தவிர ஊர்ல வண்டி பார்ட்டை கழட்டற ஒருத்தனை தேடிப் போய் கட்டிக்கல, கதைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் அப்பவே தெரிஞ்சுதான் இருந்திருக்கு.

இன்னொரு தடவை படிக்கற தெம்பு இருந்தா பெல்லாவோட அப்பா சார்லியை மட்டும் பாத்துட்டே படிங்க. ஃபோர்க்ஸ்ங்கற அந்த மழை ஊருக்கு போலீஸ் சீஃப், மக வந்துட்டான்னு உள்ளுக்குள்ள சந்தோஷம், அதை சொல்ல வார்த்தை வராது, பழைய ட்ரக் ஒண்ணை வாங்கி நிறுத்தி வெச்சிருப்பார், பனி பெஞ்ச அன்னிக்கு அவ எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே டயர்ல சங்கிலி மாட்டி வெச்சுட்டு வேலைக்கு கிளம்பிடுவார். 16ல இவர் குறுக்க வர்ற ஆளு. 33ல, அதுவும் புள்ள பெத்தப்புறம், எனக்குத் தெரிஞ்ச எல்லாரும் சார்லி கட்சி தான்.

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் ஆறாவது புக்கை எழுதுவாரா மாட்டாரா? வயசாகுது எனக்கு.
- வாசகர், வேலூர்

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதை வரிசைல அஞ்சாவது 2011ல வந்துச்சு, டிவி சீரியல் 2019ல முடிஞ்சே போச்சு, நீங்க இன்னும் வாசல்ல நிக்கறீங்க. முடிஞ்ச கதை தான் வேணும்னா 'வீல் ஆஃப் டைம்' எடுங்க, 1990ல ஆரம்பிச்ச ராபர்ட் ஜோர்டன் 2007ல இறந்துட்டார், அவர் விட்டுட்டு போன குறிப்புகளை வெச்சு பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூணு புக்கை எழுதி 2013ல முடிச்சு வெச்சார். மொத்தம் 14 புக், நடுவுல நாலஞ்சு புக்குக்கு கதை நகரவே நகராது, அதுக்கும் என்னை திட்டி லெட்டர் போடக்கூடாது.

சாரா ஜே. மாஸ் எழுதின 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்' முதல் பாகத்துல டாம்லினை லவ் பண்ண வெச்சுட்டு ரெண்டாவது பாகத்துல அவனை வில்லன் ஆக்கிட்டாங்க. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அதுல ஹீரோ ஆகற ரைஸாண்ட் ரைஸாண்ட்னு உயிரை விடறாங்க. நான் மட்டும் டாம்லின் பாவம்ங்கறேன், என்னை க்ரூப்லேர்ந்து தூக்கிடுவாங்க போல.
- வாசகி, கோவை

தூக்கினா தூக்கட்டும், உங்க கோவத்துல பாதிக்கு நான் கூட இருக்கேன்.

மீதி பாதிக்கு இல்ல, அதை முதல்ல சொல்லிடறேன். 2016ல வந்த அந்த ரெண்டாவது பாகத்தோட முதல் நூறு பக்கம் தான் மொத்த சீரீஸ்லயே நல்ல எழுத்துன்னு நான் நினைக்கறேன். ஹீரோயின் ஃபெய்ரா அவனுக்காக செத்துப் பொழைச்சு வந்திருக்கா, ராத்திரி எழுந்து வாந்தி எடுக்கறா, அவன் முழிச்சிருந்தும் தூங்கற மாதிரி படுத்திருக்கான். வெளிய போகணும்ங்கறா, உன் பாதுகாப்புக்கு தான்னு வீட்டை பூட்டி மந்திர வேலி போட்டு உள்ள அடைச்சு வெச்சுட்டு போறான். முதல் பாகத்துல அவன் பாதுகாக்கறது அழகா இருந்துச்சு, அதே குணம் கொஞ்சம் நீண்டா சிறை ஆயிடுது, அதை காட்டினது தப்பே இல்ல. ஃபேண்டஸி ரொமான்ஸ்ல முதல் ஹீரோவை விட்டுட்டு வெளிய நடக்கற ஹீரோயின் எத்தனை பேர்.

ஆனா பாருங்க, முதல் பாகத்துல ரைஸாண்ட் என்ன பண்ணினான்? மயக்கற மதுவை குடிக்க வெச்சு அவளை மலைக்கு அடியில கொடுமைக்கார ராணியோட சபை நடுவுல ராத்திரி ராத்திரி ஆட வெச்சான். அதுக்கெல்லாம் ரெண்டாவது பாகத்துல விளக்கம் வருது, அவளை காப்பாத்த தான் நடிச்சேன், எனக்கு 50 வருஷ கொடுமை, மனசுக்குள்ள அழுதேன்னு. சரி, ஒத்துக்கறேன். டாம்லினும் அதே மலைக்கு அடியில தானே கிடந்தான், அவனும் தானே உடைஞ்சான், அவனுக்கு ஒரு சாப்டர் கிடையாது. ஒருத்தன் செஞ்சதுக்கு கதை முழுக்க வக்கீல் வெச்சு வாதாடிட்டு இன்னொருத்தனை வாய்தா கூட கொடுக்காம உள்ள தள்ளினா படிக்கறவங்களுக்கு சுருக்னு இருக்க தான் செய்யும். உங்களுக்கு அது தான் இருக்கு. க்ரூப்ல போய் டாம்லின் நல்லவன்னு சண்டை போடாதீங்க, தோத்துடுவீங்க. ரைஸாண்டுக்கு மட்டும் ஏன் சலுகைன்னு கேளுங்க, அப்புறம் பாருங்க வேடிக்கையை.

ரமணிசந்திரன் நாவல் படிச்சே வளர்ந்தவ நான். இப்ப மக கேக்கறா, 'ஏம்மா அந்த ஹீரோ எல்லாம் பொண்ணை மட்டம் தட்டிட்டே இருக்கான், எப்படி ரசிச்சீங்க'ன்னு. பதில் வரல.
- வாசகி, மயிலாடுதுறை

பணக்காரன், திமிர், முதல்ல அவமானப்படுத்துவான், அப்புறம் உருகுவான். இது நம்ம ஊர்ல முளைச்சது மட்டும் இல்லம்மா. லண்டன்ல 1908ல ஆரம்பிச்ச மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகம் இதே ஆளை வெச்சு எத்தனையோ வருஷம் கடை நடத்திச்சு, அதுக்கும் முன்னாடி 1813லயே ஜேன் ஆஸ்டின் டார்சியை எழுதிட்டாங்க. ஆனா 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்'ல மொத்தம் 61 அத்தியாயம், டார்சி வந்து உன்னை கட்டிக்கறேன், உன் குடும்பம் தான் எனக்கு கேவலமா இருக்குன்னு சொல்றது 34வது அத்தியாயத்துல. எலிசபெத் முகத்துக்கு நேரா முடியாதுன்னுடறா. மிச்சம் இருக்கற கிட்டத்தட்ட பாதி புக் அந்த ஆள் மாறறதுக்காக. வியாபாரம் பண்ற அவ மாமாவை தன் வீட்டுல மரியாதையா நடத்தறான், ஓடிப்போன தங்கச்சிக்கு பணம் கொடுத்து கல்யாணம் பண்ணி வெச்சுட்டு அதை யார்கிட்டயும் சொல்லாதீங்கன்றான்.

நாம படிச்ச பல குடும்ப நாவல்கள்ல அது நடக்காது, மாறறது ஹீரோ இல்ல, அவன் காதுக்கு போன தப்பான தகவல் தான். 'அடடா நீ அந்த மாதிரி பொண்ணு இல்லையா'ன்னு தெரிஞ்சதும் கட்டிப்பிடிச்சுக்குவான். ஒருவேளை அவ அந்த மாதிரி பொண்ணாவே இருந்திருந்தா திட்டினது சரியா? மக கேக்கறது அது தான், புத்திசாலி புள்ள. நீங்க ரசிச்சதுக்கும் பதில் இருக்கு, அந்த கதைல எல்லாம் பொண்ணு எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவா, பேசினதுக்கப்புறமும் அவளை வீட்டை விட்டு துரத்தாம காதலிப்பாங்க. அன்னிக்கு கூட்டுக் குடும்பத்துல உக்காந்து படிச்சவங்களுக்கு அதுவே பெரிய ஃபேண்டஸி, டிராகனே வேண்டாம்.

எனக்கு 58. மாயாஜாலக் கதைன்னா உயிர், ஆனா எல்லாத்துலயும் காதல் பண்றது 18, 20 வயசுப் பொண்ணுங்க. எங்க வயசுல ஒருத்தி காதலிக்கற மாதிரி அந்த உலகத்துல யாருமே எழுதலையா தங்கச்சி?
- வாசகி, தஞ்சாவூர்

எழுதியிருக்காங்கக்கா, அதுவும் பெரிய எழுத்தாளர். உர்சுலா லெ க்வின் எழுதின 'டெஹானு'. ஆனா அதை நேரா எடுக்காதீங்க, முதல்ல 'தி டூம்ஸ் ஆஃப் அடுவான்' படிச்சுடுங்க, சின்ன புக் தான். அதுல டெனார்னு ஒரு பொண்ணு, குழந்தையிலயே தூக்கிட்டு போய் இருட்டுச் சாமிகளுக்கு பூசாரி ஆக்கிட்டாங்க, சுரங்கப் பாதை தான் அவ ராஜ்ஜியம். கெட்ங்கற மந்திரவாதி அங்க திருட வந்து மாட்டிக்கறான், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தி வெளிய வர்றாங்க. காதல் வரும்னு எதிர்பாப்பீங்க, வராது. அவளை தன் குருகிட்ட விட்டுட்டு அவன் பாட்டுக்கு போயிடுவான்.

இந்தக் கதைங்க வர்ற 'எர்த்ஸீ' வரிசை 1972ல மூணாவது புக்கோட முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைச்சாங்க. 18 வருஷம் கழிச்சு 1990ல லெ க்வின் திரும்ப வந்து, அந்த டெனார் என்ன ஆனான்னு எழுதினாங்க. மந்திரமும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு ஒரு விவசாயியை கட்டிக்கிட்டு, ரெண்டு பிள்ளைங்களை வளர்த்து ஆளாக்கி, இப்ப புருஷனை இழந்து தனியா இருக்கா. பெத்தவங்களே நெருப்புல தள்ளின ஒரு சின்னப் பொண்ணை எடுத்து வளர்க்கறா. அப்ப ஒரு டிராகன் வந்து இறங்குது, அது முதுகுல சாகற நிலைமைல கெட். அவ்வளவு பெரிய மந்திரவாதி, சக்தி எல்லாம் போயிடுச்சு, வெறும் மனுஷன். ராஜாவோட ஆளுங்க தேடி வந்தா அவமானம் தாங்காம ஒளிஞ்சுக்கறான், மலைக்கு போய் ஆடு மேய்க்கறான். ரிட்டயர் ஆனதுக்கப்புறம் வீட்டுல எங்க உக்காரறதுன்னு தெரியாம அல்லாடற ஆம்பளைங்களை நீங்க பாத்திருப்பீங்க, லெ க்வின் அதை மந்திரவாதியை வெச்சு எழுதியிருக்காங்க.

அந்த ரெண்டு பேரும் சேர்றது ஒரு குளிர்கால ராத்திரி, அடுப்பு பக்கத்துல, நரை விழுந்தப்புறம். மந்திரவாதிங்க பிரம்மச்சாரிங்க, அதனால அவ்வளவு படிச்ச கெட்டுக்கு இது ஒண்ணு மட்டும் தெரியாது, அவ தான் சொல்லிக் கொடுக்கறா. ஆர்ப்பாட்டமே கிடையாது, மறுநாள் ஆடு கறக்கணும், தோட்ட வேலை இருக்கு. அந்த வருஷத்து நெபுலா விருது இதுக்கு தான் கிடைச்சுது, ஆனா பழைய வாசகர்கள் நிறைய பேருக்கு கோவம், எங்க ஹீரோவை இப்படி சாதாரண ஆளாக்கிட்டீங்களேன்னு. எனக்கு நேர் எதிர், முதல் மூணு புக்கை விட இதுல தான் கெட்டை எனக்கு பிடிச்சுது. ஒரே எச்சரிக்கை, அந்தக் குழந்தைக்கு நடந்தது லேசுல மனசை விட்டு போகாது.

மனசு கனமா இருந்தா நடுவுல டயானா வின் ஜோன்ஸ் எழுதின 'ஹவ்ல்ஸ் மூவிங் காசில்' படிங்க. சூனியக்காரி சாபத்துல சின்னப் பொண்ணு ஒருத்தி ஒரே நாள்ல கிழவி ஆயிடறா, ஆனதும் தான் அவளுக்கு வாயே வருது, இனிமே யாருக்கு பயம்னு. ஹீரோ முடிச் சாயம் கலர் மாறிடுச்சுன்னு வீடு பூரா பச்சை கோழை வழிய விட்டு அழறான். உங்களுக்கு ரொம்ப பிடிக்கும்.

'பொன்னியின் செல்வன்'ல பூங்குழலிக்கு கல்கி அநியாயம் பண்ணிட்டார்னு நான் சொல்றேன், என் தம்பி இல்லங்கறான். தீர்ப்பு சொல்லுங்க.
- வாசகி, நாகப்பட்டினம்

உங்க கடற்கரைக்காரி, விட்டுக் கொடுப்பீங்களா. ராத்திரில தனியா இலங்கைக்கு படகு தள்றவ, அந்த 5 பாகத்துலயும் யார் தயவும் இல்லாம நடமாடற பொண்ணு அவ ஒருத்தி தான், அவளை கடைசில சேந்தன் அமுதனுக்கு கட்டி வெச்சு, அவனையே உத்தம சோழன் ஆக்கி, இவளை ராணி ஆக்கி உக்கார வெச்சார். சிம்மாசனம் கிடைச்சுது, கடல் போச்சு. அமுதன் தங்கமான பையன், அதுல குறை இல்ல, ஆனா அவ அரண்மனைல என்ன பண்ணுவா சொல்லுங்க. தீர்ப்பு உங்க பக்கம், தம்பி அப்பீல் போகலாம்.

மேடம், என் மனைவி 'அவுட்லேண்டர்' படிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க. யார் அந்த ஜேமி? நான் என்ன பண்ணணும்?
- வாசகர், சென்னை

ஜேமி ஃப்ரேஸர், 1743ல ஸ்காட்லாந்து மலைல இருக்கற சிவப்பு முடி வீரன். ரெண்டாம் உலகப் போர்ல நர்ஸா இருந்த கிளேர் ஒரு கல் வட்டத்து வழியா அந்த காலத்துக்கு போய் விழறா, அவளுக்கு அவளோட சொந்தக் காலத்துல ஏற்கனவே புருஷன் இருக்கார், இதை நீங்க கவனிக்கணும். டயானா கபால்டன் 1991ல எழுதினது, தடிமனான புக், உங்க வீட்டுல இன்னும் கொஞ்ச நாளைக்கு சாப்பாடு லேட்டா தான் ஆகும், நீங்களே ரெண்டு தோசை ஊத்திக்க பழகுங்க.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி, அந்த ஜேமி முதல் புக்லயே சொன்ன பேச்சு கேக்கலன்னு கிளேரை பெல்ட்டால அடிக்கறான், அதுக்காக அவனை மன்னிக்காத வாசகிங்க இன்னிக்கும் இருக்காங்க. அதுல நீங்க ஏற்கனவே அவனை விட ஒரு படி மேல. கெட்ட செய்தி என்னன்னா, நான் வேற காலத்துலேர்ந்து வந்தவன்னு அவ சொல்றப்ப அவன் சிரிக்கல, டாக்டர்கிட்ட போலாமான்னு கேக்கல, உக்காந்து முழுசா கேட்டு, நம்பி, அவ திரும்பிப் போகணும்னா போகட்டும்னு அந்த கல்லுகிட்டயே கொண்டு போய் விடறான். போறதா வேணாமான்னு அவளே முடிவு பண்ணட்டும்னு தள்ளி போயிடறான். அம்மணி உங்களை ஒரு மாதிரி பாத்தது அந்த சாப்டர் படிச்ச அன்னிக்கா இருக்கும். நேத்து ராத்திரி அவங்க ஆபீஸ் கதை சொல்றப்ப நீங்க கிரிக்கெட் பாத்துட்டே ம்ம் கொட்டினீங்களா இல்லையா, உண்மையை சொல்லுங்க. அதை சரி பண்ணுங்க போதும், அந்த கட்டம் போட்ட பாவாடையை எல்லாம் ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி போட்டுட்டு நிக்காதீங்க.